எல்லையில் காவல், உலையில் இல்லை: பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரப் பழம் நகைகளும் நாடாளுமன்றச் சட்டங்களும்

புதுதில்லி: நூறாண்டு கடந்த ஒரு பவள மாலையை உரிய அனுமதியின்றி வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முயன்றால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதே மாலையைப் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ ஒரு நகைக் கடையில் கொடுத்து, பவளத்தைப் பிரித்தெறிந்துவிட்டு, பொன்னை மட்டும் உருக்கிப் புதுச் சங்கிலியாக மாற்றிக்கொண்டால் கேட்பார் எவருமில்லை. முதலாவது, நாட்டின் கலைச் செல்வத்துக்கு இழைக்கப்பட்ட குற்றம். இரண்டாவது, அன்றாட வணிகம். விளைவு மட்டும் ஒன்றுதான்: மாலை இல்லாமல் போகிறது.

இந்த முரண்பாட்டின் வேர், 1972-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தில் உள்ளது. நூறாண்டுக்குக் குறையாத பழைமை கொண்ட எந்தக் கலைப் பொருளும் தொல்பொருளே என்று அச்சட்டம் வரையறுக்கிறது. நகையும் அதில் அடங்கும். அதை ஏற்றுமதி செய்யும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரமளிக்கும் அமைப்புக்கும் மட்டுமே உண்டு. இதுவரை குழப்பமில்லை. ஆனால், தனியார் தம்மிடமுள்ள தொல்பொருள்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற பிரிவு எல்லாப் பொருள்களுக்கும் பொருந்தாது. அரசு அறிவிக்கை செய்த வகைகளுக்கு மட்டுமே பொருந்தும். கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு, மரம் ஆகியவற்றாலான சிற்பங்கள், ஓவியங்கள், ஓவியம் தீட்டப்பட்ட சுவடிகள் ஆகியன அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. அணிகலன்கள் இடம்பெறவில்லை.

ஆகவே, வீட்டுப் பெட்டியில் உறங்கும் பாட்டியின் பவள மாலையும், வைரத் தோடும், வைர மூக்குத்தியும் அரசின் எந்த ஏட்டிலும் இல்லை. ஏட்டில் இல்லாத பொருள் அழிந்தால், அழிந்த செய்தியும் ஏட்டில் ஏறாது.

கல்லுக்குக் கழிவு, அரக்குக்குக் கழிவு:

பழைய நகையை மாற்றும்போது நடப்பது எளிய கணக்கு. மொத்த எடையில் கல்லின் எடை கழிக்கப்படும். கற்களைப் பதிக்க உள்ளே நிரப்பிய அரக்கின் எடை கழிக்கப்படும். எஞ்சும் பொன்னின் மாற்று பார்க்கப்பட்டு, அன்றைய விலைக்கு வரவு வைக்கப்படும். புதிய நகைக்குச் செய்கூலியும் சேதாரமும் தனி. பழைய நகையைச் செய்த பத்தர் அன்று பெற்ற கூலிக்கோ, அவர் கைவேலைக்கோ இந்தக் கணக்கில் ஒரு காசும் இல்லை.

பவளத்தின் கதி இன்னும் மோசம். அது கல்லன்று, கடலுயிர் கட்டிய சுண்ணாம்புக் கூடு. உலை நெருப்பை அது தாங்காது என்பதால் உருக்குவதற்கு முன்பே கழற்றப்படுகிறது. நீண்ட நாள் வியர்வையும் எண்ணெயும் பட்டு நிறம் மங்கிய மணிகளுக்கு மறுவிற்பனை மதிப்பும் மிகக் குறைவு. வைரத்துக்கு வேறு ஆபத்து. பழைய முறையில் பட்டை தீட்டிய வைரம் இன்றைய கண்ணுக்கு ஒளி குறைந்ததாகத் தோன்றும். எனவே புதிய முறையில் மறுபடி தீட்டப்படுகிறது. எடையில் ஒரு பகுதி போகிறது. அது எக்காலத்துக் கல் என்ற அடையாளமும் கூடவே போகிறது. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் ‘புளூ ஜாகர்’ வைரம் என்ற பெயரே தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. 1870-இல் வைரம் கண்டெடுக்கப்பட்ட அச்சுரங்கத்தின் பெயரை ஒரு மூக்குத்தி ஒன்றரை நூற்றாண்டாகச் சுமந்துவந்திருக்கிறது.

2025-இல் ஒரு பவுன் தங்கம் 90 ஆயிரம் ரூபாயைக் கடந்தபோது, பழைய நகையை மாற்றும் தூண்டுதலும் அதற்கேற்பக் கூடியது. மகளின் திருமணத்துக்கோ மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கோ வழி தேடும் குடும்பத்திடம் கலைச் செல்வம் பற்றி உபதேசிப்பது எளிதன்று; நியாயமுமன்று.

பவளம் கொடுத்து வைரம் பெற்ற காலம்:

பவளமும் வைரமும் ஒரே நகைப் பெட்டியில் சேர்ந்தது தற்செயலன்று. அணிகலனாகும் செம்பவளம் மத்தியதரைக் கடலில் விளைவது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ், மேலைக் கடற்கரைத் துறைமுகமான முசிறிக்கு வந்திறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சேர்க்கிறது. உரோமர் இந்திய முத்தை எவ்வளவு மதித்தனரோ அவ்வளவு இந்தியர் பவளத்தை மதிக்கின்றனர் என்று அதே நூற்றாண்டில் பிளினி எழுதினார்.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இது நேரடிப் பண்டமாற்றாகவே வளர்ந்தது. இத்தாலியின் லிவோர்னோ நகர யூத வணிகர்கள் பவளத்தை லிஸ்பன், லண்டன் வழியாகக் கோவாவுக்கும் சென்னைக்கும் அனுப்பினர்; பதிலுக்கு இந்திய வைரங்களைப் பெற்றனர். பிரேசிலில் 1720-களில் வைரம் கிடைக்கத் தொடங்கும்வரை உலகச் சந்தைக்கு வந்த வைரங்களில் ஏறத்தாழ எல்லாமே இந்திய மண்ணிலிருந்து சென்றவைதாம். சென்னை ஜார்ஜ் டவுனில் இன்றும் பவளக்காரத் தெரு என்ற பெயர் இருக்கிறது. அங்கு வாழ்ந்த வணிகர்கள் மறைந்தனர். தெருப் பெயர் மட்டும் நிற்கிறது.

அத்தகைய மணிகள் தென் திருவிதாங்கூர் வரை எவ்வழி வந்தன என்பதை ஒவ்வொரு மாலையும் தன் வேலைப்பாட்டால் சொல்லக்கூடும். துளையிட்ட விதம், பொன் குண்டுகளின் வார்ப்பு, கம்பி முறுக்கு ஆகியவற்றைக் கொண்டு வல்லுநர்கள் காலத்தை ஓரளவு கணிப்பார்கள். உருக்கியபின் கணிக்க எதுவும் இராது. நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைத் தொழிலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது நல்ல செய்தியே. ஆனால் அது இனிச் செய்யப்படும் நகையின் பெயரைக் காக்கும் ஏற்பாடு. முன்னோர் செய்துவைத்துப் போன நகையை அது தொடாது.

யார் அணியலாம் என்ற சட்டம்:

இவ்வட்டாரத்தில் நகை என்றும் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. திருவிதாங்கூரில் பொன்னும் வெள்ளியும் அணிய நாயர் முதலிய வகுப்பினரே அரசுக்குப் பணம் கட்டி அனுமதி பெற வேண்டியிருந்த காலம் உண்டு. ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சியில் (1815-1829) அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டோருக்கு அத்தகைய சலுகையும் இல்லை. தோளில் சீலை போடும் உரிமைக்கே இத்தென்பகுதி முழுவதும் பல்லாண்டு கொந்தளித்தது. 1859 ஜூலை 26-இல் வெளியான அரச ஆணை அவ்வுரிமையை நாடார் பெண்களுக்கு ஒப்புக்கொண்டது. அப்போதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு.

புலையர் பெண்கள் கல் மணிகளைக் கோத்த ‘கல்லுமாலை’ மட்டுமே அணிய வேண்டும் என்பது வழக்கம். அது அணிகலன் அன்று, அடையாளக் குறி. நெய்யாற்றின்கரைக்கு அருகே உள்ள வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளியின் தலைமையில் 1915-இல் அதற்கு எதிரான போராட்டம் எழுந்தது. கொல்லத்துக்கு அருகே பெரினாட்டில் வன்முறை வெடித்தது. பின்னர்க் கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் நடந்த கூட்டத்தில் பெண்கள் அம்மாலைகளை அறுத்துக் குவித்தனர். பவளமும் வைரமும் பூண்ட குடும்பங்களின் பெட்டிகளைக் காக்க வேண்டும் என்று பேசுவோர், அதே ஊர்களில் அணியத் தடை செய்யப்பட்டிருந்தவர்களின் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும். அருங்காட்சியகம் என்று ஒன்று வந்தால் ஒரு கல்லுமாலைக்கும் அதில் இடம் வேண்டும்.

பெண்களுக்கு நகை நிலத்துக்குப் பதிலாகவும் வந்தது. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கு மகனின் பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5 ஆயிரம் ரூபாய். இவற்றில் எது குறைவோ அதுவே கிடைக்கும். மணத்தின்போது சீதனம் தந்தாலோ, தருவதாக வாக்களித்தாலோ அதுவும் இல்லை. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கமுள்ள சில தென் தாலுகாக்களின் லத்தீன் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் வகுப்பினருக்கு மட்டும் அச்சட்டமே விலக்களித்தது. மேரி ராய் வழக்கில் 1986 பிப்ரவரி 24-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த ஏற்றத்தாழ்வை முடித்தது. அதுவரை பல பெண்களுக்குக் குடும்பச் சொத்து என்று கையில் வந்தது கழுத்திலும் காதிலும் கிடந்ததுதான். ஒரு பழைய வைரத் தோடு உருகும்போது, பத்திரம் ஏதுமற்ற ஒரு பெண்ணின் சொத்துரிமை வரலாறும் சேர்ந்தே உருகுகிறது.

எடையை மட்டுமே அறிந்த அரசு:

தில்லியின் சட்டங்களைத் தொடர்ச்சியாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். நகையை அரசு எப்போதும் தராசில் வைத்தே பார்த்துவந்துள்ளது. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், புதிய நகைகள் 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றன. நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் நிலைகுலைந்தன, தற்கொலைகளும் நிகழ்ந்தன. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தனி நபரிடம் 2 ஆயிரம் கிராமுக்கும், குடும்பத்திடம் 4 ஆயிரம் கிராமுக்கும் மேற்பட்ட நகை இருந்தால் அறிவிக்கச் சொன்னது. 1990-இல் அது நீக்கப்பட்டது. வருமான வரிச் சோதனைகளில் மணமான பெண்ணிடம் 500 கிராம், மணமாகாத பெண்ணிடம் 250 கிராம், ஆணிடம் 100 கிராம் வரை பறிமுதல் வேண்டாம் என்ற 1994 மே மாத அறிவுறுத்தலும் எடைக் கணக்கே.

செல்வ வரியின் கதை இன்னும் சுவையானது. சொந்த உபயோகத்துக்கான நகைகளுக்குச் செல்வ வரி இல்லை என்று 1970-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அத்தீர்ப்பின் பயனை முன்தேதியிட்டு நீக்கியது. வீட்டுச் சாமான் விலக்கில் நகை சேராது என்றாயிற்று.

ஆனால் இதே செல்வ வரிச் சட்டத்தில்தான் ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. அதை இன்று நினைவுகூர்வோர் சிலரே. முன்னாள் மன்னர்களின் பரம்பரை நகைகளுக்கு வரி விலக்கு அளித்து 1958-இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. அரசு விதித்த நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. அந்நகைகள் நிரந்தரமாக இந்தியாவிலேயே இருக்க வேண்டும். அவற்றின் மூல வடிவம் சிதையாமல் காக்கப்பட வேண்டும். அதிகாரிகள் வந்து பார்வையிட வசதி செய்து தர வேண்டும். வரிச் சலுகைக்குக் கைமாறாகக் கலைப் பாதுகாப்பு என்ற இந்த எளிய ஒப்பந்தம், நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தத் தகுந்த முன்மாதிரி. மன்னர்களுக்கு மட்டும் அது புரிந்தது. குடிமக்களுக்கு அதைத் தர எவரும் எண்ணவில்லை. மன்னர் மானியமும் பட்டங்களும் 1971-இல் அரசமைப்பின் 26-ஆவது திருத்தத்தால் ஒழிந்தன. செல்வ வரியே 2015-இல் நீக்கப்பட்டது. விதியோடு சேர்ந்து அந்த எண்ணமும் போயிற்று.

தனியார் தொகுப்பு ஒன்றை அரசே வாங்கிக் காத்த நிகழ்வும் உண்டு. ஹைதராபாத் நிஜாமின் அறக்கட்டளைகளிடமிருந்த நகைகளை நெடிய வழக்குகளுக்குப் பிறகு 1995-இல் மத்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 173 உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பில் 184.75 காரட் எடையுள்ள ஜேக்கப் வைரமும் அடங்கும். ரிசர்வ் வங்கிப் பெட்டகத்தில் வைக்கப்பட்ட அவற்றைப் பொதுமக்கள் 2001-இல்தான் முதன்முறையாகக் கண்காட்சியில் கண்டனர். 2019-இல் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் மீண்டும் காட்டப்பட்டன. நிஜாமின் நகைகள் என்பதால் அது நடந்தது. பாறசாலைப் பாட்டியின் நகைக்கு அரசு 218 ரூபாயும் ஒதுக்கியதில்லை.

எல்லை பிரித்தபோது:

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11-இன் துப்பாக்கிச் சூடும் தமிழ் வாசகர் அறிந்தவை. அக்கட்சி கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. ஒரே குடும்பத்தின் கிளைகள் இரு மாநிலங்களிலும். நிலம் பிரிந்தபோது வரைபடம் வரைந்தார்கள். கோயில்கள் பிரிந்தபோது அரசமைப்பில் 290-அ என்ற பிரிவையே சேர்த்தார்கள்: கேரளம் ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கும், தமிழ்நாடு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் தன்னிடம் வந்த கோயில்களின் நிதிக்கும் தர வேண்டும். அந்தத் தொகை இன்றும் அரசமைப்பில் அப்படியே அச்சாகி வருகிறது.

கோயில் நகைகளைப் பொறுத்தவரை 2011-இல் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டபோது, பட்டியல் எடுக்க உச்ச நீதிமன்றமே ஆணையிட்டது. 2020 ஜூலை 13-இல் வந்த தீர்ப்பு, கோயிலை நிர்வகிப்பதில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உரிமையை ஏற்று, மாவட்ட நீதிபதி தலைமையில் நிர்வாகக் குழு அமைக்க வழி செய்தது. மன்னருக்கு ஒரு விதி, கோயிலுக்கு ஒரு நீதிமன்றம். இடையில் இருக்கும் வீடுகளுக்கு எதுவும் இல்லை.

பட்டியல் எடுக்கும் பணி நாடு முழுவதிலுமே மந்தம்தான். தொல்பொருள் திருட்டு குறித்து 2023-இல் அறிக்கை தந்த நாடாளுமன்ற நிலைக் குழுவின் முன் வைக்கப்பட்ட கணக்குப்படி, நாட்டில் சுமார் 58 லட்சம் தொல்பொருள்கள் இருக்கக்கூடும். ஆவணப்படுத்தப்பட்டவை 16 லட்சத்து 80 ஆயிரம் அளவே. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2017-இல் ஒரு வரைவு மசோதா வெளியிடப்பட்டது. உள்நாட்டு வணிகத்துக்கான உரிம முறையைக் கைவிடுவது அதன் முக்கிய அம்சம். அது சட்டமாக நிறைவேறவில்லை.

பொருள் நாட்டைவிட்டுப் போனபின் அரசு விழித்துக்கொள்கிறது என்பதற்கு அண்மைச் சான்று பிப்ரவா மணிகள். புத்தரின் நினைவுச் சின்னங்களோடு 1898-இல் தோண்டியெடுக்கப்பட்ட அம்மணிகளின் ஒரு பகுதி, ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் தனிச் சொத்தாக இருந்தது. 2025 மே மாதம் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்தபோது மத்திய அரசு சட்ட அறிவிக்கை அனுப்பி நிறுத்தியது. ஜூலையில் கோத்ரெஜ் குழுமத்தின் துணையோடு அவை இந்தியா திரும்பின. வரவேற்கத்தக்கது. ஏலத்துக்குப் போகும் பொருளுக்காவது ஒரு விலைப் பட்டியல் அச்சாகிறது, ஒரு புகைப்படம் எஞ்சுகிறது; உலைக்குப் போகும் பொருளுக்கு அதுவும் இல்லை என்பதே வேறுபாடு.

செய்யக்கூடியது பெரிதாக எதுவுமில்லை. பறிமுதலும் கட்டாயப் பதிவும் மக்களை அச்சுறுத்தி, இருப்பதையும் அவசரமாக உருக்கவைக்கும். தங்கக் கட்டுப்பாட்டுக் காலம் தந்த பாடம் அது. விரும்புவோர் தம் நகையைப் படமெடுத்து, அளந்து, விவரம் எழுதி, உரிமை தம்மிடமே இருக்கப் பதிந்துகொள்ள மாவட்ட அருங்காட்சியகங்களில் ஒரு மேசை போதும். பதிந்த நகையை விற்க நேர்ந்தால் முதலில் அருங்காட்சியகத்திடம் கேட்கலாம் என்ற விருப்ப ஏற்பாடும், அதற்கு 1958-ஆம் ஆண்டு விதிகளைப் போன்றதொரு வரிச் சலுகையும் சேர்ந்தால் மசோதாவில் இரண்டு பிரிவுகள் கூடும், அவ்வளவே.

இதற்கிடையே, எல்லையில் நகைக்கான கண்காணிப்பு வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. 2022 ஜூனில் சண்டீகரில் கூடிய சரக்கு - சேவை வரி மன்றம், மாநிலத்துக்குள் தங்கம் கொண்டுசெல்ல மின்வழிச் சீட்டு கேட்பதை அந்தந்த மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டது. கேரளம் 2025 ஜனவரியில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தங்கத்துக்கும் விலையுயர்ந்த கற்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அச்சீட்டில் பொருளின் பெயர், எடை, மதிப்பு ஆகியவற்றை நிரப்ப வேண்டும். எந்தக் காலத்து நகை என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் காட்சி மாறுகிறது. நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து, கம்பர் வழிபட்டதாக மரபு கூறும் தேவாரக்கட்டு சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றனர். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறை. உடைவாள் கைமாற்றப்படுகிறது. களியக்காவிளையில் இரு மாநிலக் காவல் துறையினரும் அணிவகுத்து மரியாதை செலுத்துகின்றனர். ஊர்வலம் பாறசாலை வழியாகச் சென்று நெய்யாற்றின்கரையில் இரவு தங்குகிறது. விழா முடிந்ததும் அதே வழியில், அதே காவலோடு, திருமேனிகள் தத்தம் கோயில்களுக்குத் திரும்புகின்றன.